கீழப்புதுத் தெருவுக்குப் போன வாகை

எங்கள் ஊரில் மரங்கள் தங்களை வெட்டச் சொல்லி மனுக் கொடுக்கும்போது, எந்த உருவத்தில் யார் வீட்டுக்குப் போக விரும்புகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் மனு திரும்பிவிடும். அந்த மனுக்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் நான் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் பதிவாளராக.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறைகள்தான் அலுவலகம். முன் அறையில் உதவியாளர் பேச்சியம்மாள். உள் அறையில் நானும் பதிவேடுகளும். பேச்சியம்மாள் மரத்தடிக்குப் போய் விசாரித்து எழுதி வருவாள். நான் படித்துப் பார்த்து முத்திரை வைப்பேன். பிறகு மனு தச்சரிடம் போகும். மரம் கேட்ட உருவத்தில் கட்டிலோ நாற்காலியோ மேசையோ செய்து, அது கேட்ட வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். வீட்டுக்காரர்கள் மறுக்க முடியாது.

இத்தனை ஆண்டுகளில் ஒரு மரம்கூட இலை வேண்டும், பூ வேண்டும், கிளை வேண்டும் என்று கேட்டதில்லை. நின்றே வாழ்ந்தவை அல்லவா, நகர்கிறவற்றைத்தான் கேட்கின்றன. எங்கள் ஊரிலிருந்து கடல் அறுபது மைல். ஆனாலும் அலை உருவத்தில் மட்டும் பதினான்கு கட்டில்கள் இருக்கின்றன. நத்தை, கழுத்தை நீட்டும் கொக்கு, மலைமேல் நகரும் மேகத்தின் நிழல் என்று எல்லாம் வீடுகளில் இருக்கிறது. பேருந்து நிலையத்து வேம்பு ஒன்று தன்னைப் பேருந்தாகச் செய்யச் சொன்னது. இயற்கை உருவங்களுக்கு மட்டுமே அனுமதி என்று எழுதித் திருப்பினேன். அது இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டுச் சாணி வண்டைக் கேட்டது. இப்போது ஒரு தையல்காரர் வீட்டில் வட்ட மேசையாக இருக்கிறது.

சாமான்கள் மனிதர்களுக்காகச் செய்யப்படுவதில்லை என்பதால் மனிதர்கள்தான் அவற்றுக்கு ஏற்ப மாறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்குச் சங்கு நாற்காலி வந்து சேர்ந்தது. இடுப்பைத் திருகி, ஒரு காதைத் தோளில் சாய்த்துத்தான் அதில் உட்கார முடியும். நான்கு ஆண்டுகளில் அவர் தெருவிலும் அப்படியே நடக்கத் தொடங்கினார். எதிரே வருகிறவர்கள் நின்று, தலையைச் சாய்த்து, அவருக்கு வணக்கம் சொல்வார்கள்.

உருவங்களைச் செதுக்க ஊரில் மூன்று தச்சர்கள். மூவரில் நல்ல கை நெல்லையப்பனுடையது. அவர் என் கணவர். பதினோரு ஆண்டுகளாகக் கீழப்புதுத் தெருவில் மரகதத்தோடு இருக்கிறார். செய்து முடித்த சாமான்களுக்கு எண்ணெய் தேய்த்து மெருகேற்றுவது மரகதத்தின் வேலை.

அவர் போனது ஒரு புதன்கிழமை. அன்று எனக்கு ஒரு பலா மரத்தின் விசாரணை இருந்தது. மாலையில் வீடு திரும்பியபோது உளிப்பெட்டி இல்லை. காப்பி குடித்த தம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இருபத்தொரு ஆண்டுகளில் அவர் தம்ளர் கழுவியது அதுதான் முதல் முறை. அதிலிருந்து விஷயத்தைப் புரிந்துகொண்டேன்.

அவரிடம் சொல்ல வேண்டியவை எனக்கு நிறைய இருந்தன. கீழப்புதுத் தெருவுக்குப் போய்ச் சொல்ல என் கால்கள் சம்மதிக்கவில்லை. அதனால் தினமும் மாலையில் பின்வாசல் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கொல்லையில் நின்ற வாகை மரத்திடம் சொல்லிப் பார்த்தேன். கல்யாணமான மூன்றாம் மாதம் நெல்லையப்பன் நட்ட மரம் அது. கோடையில் அதன் நெற்றுகள் காய்ந்து, சின்னக் காற்றுக்கும் கலகலவென்று சத்தம் போடும். நான் பேசத் தொடங்கினால் மட்டும் காற்றிருந்தாலும் அடங்கிவிடும்.

முதல் ஆண்டில் அந்தப் பேச்சு மிக நீளமாக இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிடும். மூன்றாம் ஆண்டில் வசவுகளை எடுத்துவிட்டேன். வசவு இருந்த இடங்களில் வாக்கியங்கள் தாமாகவே கூர்மையாயின. ஐந்தாம் ஆண்டில் என்னைப் பற்றிய பகுதிகளை எடுத்தேன். ஏழாம் ஆண்டில் மரகதத்தை எடுத்தேன். கல்லூரியில் நான் தமிழ் படித்தவள். ஒரு சொல் கூடினாலும் காது சொல்லிவிடும். கடைசியில் நாற்பது வாக்கியங்களும் ஒரு கேள்வியும் மிஞ்சின. ஏன் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது கேள்வி. நாற்பது வாக்கியங்களும் அந்தக் கேள்விக்கு ஏறிப்போகும் படிகள். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்க வேண்டியவர் கேட்காமல் நான் சாகக் கூடாது என்றும் நினைத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் தபாலைப் பிரித்த பேச்சியம்மாள் ஒரு மனுவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"அக்கா, இது ஒங்க வீட்டு விலாசம்."

வாங்கிப் பார்த்தேன். வாகை, வயது முப்பத்திரண்டு, மேலத் தெரு, கதவு எண் ஒன்பது, கொல்லை. நான்தான் தினமும் அதற்குக் கேணியிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையில்கூட ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

"ஒருத்தரும் எங்கிட்ட சொல்லிட்டுப் போறதில்ல" என்றேன்.

"விசாரணை வச்சிருவமா?"

"வை."

சொந்த வீட்டு மரத்தைப் பதிவாளர் விசாரிக்கக் கூடாது. வீட்டுக்காரி என்ற முறையில் ஆட்சேபணை மட்டும் சொல்லலாம். சொல்வதாகத்தான் இருந்தேன். கேட்பதற்கு அந்த மரத்தை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. அதுவும் போய்விட்டால் நாற்பது வாக்கியங்களையும் சுவரிடம் சொல்ல வேண்டும். சுவர் எதையும் காத்துவைத்துக்கொள்வதில்லை.

வியாழக்கிழமை காலை பேச்சியம்மாள் ஒரு மடக்கு நாற்காலியோடு கொல்லைக்கு வந்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். அவள் மரத்தைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு வெட்டச் சொல்லுதீரு?"

"நின்னு நின்னு சலிச்சுப்போச்சு" என்றது வாகை. அது உரக்கப் பேசி நான் கேட்டது அன்றுதான். திருமண வீட்டில் பந்தி விசாரிக்கிற ஆளைப்போல நல்ல கட்டைக் குரல்.

"பூச்சி, கீச்சி உண்டா?"

"ஒனக்கு இருக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும். இந்தக் கட்டத்துல எழுதணும்."

"இல்ல. எழுதிக்கோ."

"யாரு வீட்டுக்குப் போகணும்?"

"கீழப்புதுத் தெரு, நெல்லையப்பன் வீட்டுக்கு."

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பாமலே எழுதினாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பழக்கம்.

"என்ன சாமான்?"

"நாற்காலி."

"என்ன உருவம்?"

"அந்தா உக்காந்திருக்காகள்லா, அவுக உருவம்."

பேனா நின்றது. பேச்சியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"அக்கா, மனுச உருவம் கேட்டதை நீங்க ஏற்கெனவே தள்ளுனது இருக்கு. அந்த ஃபைல எடுக்கணும்."

அவள் சொன்னது சரிதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாவல் மரம், தன்னடியில் பழம் பொறுக்க வந்த பெண்ணின் உருவத்தைக் கேட்டது. மனித உருவம் பிறர் பார்வையாலும் பழக்கத்தாலும் ஆனது, அதை இயற்கை என்று கொள்ள இயலாது என்று நான்தான் எழுதினேன். அந்த உத்தரவு இன்னும் அமலில் இருந்தது.

"பொறவு பாப்போம்" என்றேன். "ஆட்சேபணைக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

நான் வாகையிடம் கேட்டேன். "அங்க போயி நீ என்ன செய்வே?"

"நீங்க எங்கிட்ட சொன்னதையெல்லாம் அவருகிட்ட சொல்லுவேன்."

"எல்லாத்தையுமா?"

"நாப்பதையும். வரிசை மாறாம. கேள்விய கடைசியில வப்பேன். நீங்க ஒரு மூச்சு விட்டுட்டுக் கேப்பீகள்லா, அதே மாரி விட்டுட்டுக் கேப்பேன்."

வெட்டிய மரம் ஈரம் காயும் வரை பேசும். பெரிய சாமான்கள் ஓராண்டு வரைகூடப் பேசுவதுண்டு. ஓராண்டு போதும். நாற்பது வாக்கியங்களைச் சொல்ல நான்கு நிமிடங்கள்தான் ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கோ" என்றேன் பேச்சியம்மாளிடம். அலுவலகத் தமிழ் தானாக வந்தது.

"இனிமேத் தண்ணி ஊத்த வேண்டாம்" என்றது வாகை. "வீணா ஈரம் கூடும்."

விசாரணையைத்தான் நான் செய்யக் கூடாது. உருவத்தைப் பற்றிய சந்தேகங்களைப் பதிவாளர் தவிர வேறு யாரும் தீர்க்க முடியாது. அன்று பிற்பகல் உள் அறையில் உட்கார்ந்து பழைய உத்தரவை எடுத்து நான்கு முறை படித்தேன். நன்றாக எழுதப்பட்ட உத்தரவு. மறுப்பதற்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் இப்படி எழுதினேன்: "மனித உருவம் பிறர் பார்வையால் ஆனது என்பது பொது விதி. பதினோரு ஆண்டுகள் எவராலும் பார்க்கப்படாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அவ்விதி பொருந்தாது. பாறை, புற்று ஆகியவற்றைப்போல அவரையும் இயற்கை உருவமாகவே கொள்ள வேண்டும். மேலத் தெரு உலகம்மாள் இயற்கை உருவம் எனச் சான்றளிக்கப்படுகிறது."

கீழே உலகம்மாள், பதிவாளர் என்று கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன். பேச்சியம்மாள் நகல் எடுத்துக்கொண்டு போனாள்.

முறைப்படி வேலை நெல்லையப்பனுக்குத்தான் போயிற்று. தை பிறந்து மரத்தை வெட்டினார்கள். அறுத்த கட்டைகளை அவர் பட்டறையில் நிழலில் அடுக்கி, ஆறு மாதம் காயவைத்தார்கள். ஆடியில் அவர் அளவெடுக்க வந்தார்.

பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் என் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்களை வழியாகக் கொல்லைக்கு வந்தார். எந்தக் கதவின் தாழ் இறுக்கம் என்பது அவர் கைக்கு மறந்திருக்கவில்லை. நான் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அளவு கொடுக்கும் உருவம் பேசக் கூடாது. மூச்சு மாறினால் அளவு மாறிவிடும். இந்த விதியை எழுதியதும் நான்தான். எழுதிய காலத்தில் கொக்குகளையும் நத்தைகளையும்தான் மனதில் வைத்திருந்தேன்.

ஒன்பது பிற்பகல்கள் வந்தார். கவராயத்தை விரித்து என் தோளிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து விரல் நுனிக்கும் அளந்தார். நூலைப் பிடித்து என் முதுகின் வளைவை எடுத்தார். இருபத்தொரு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தபோது அவர் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒரு கதவைப் பார்ப்பதுபோல நேராகப் பார்த்தார்.

"எடது தோளு எறங்கியிருக்கு" என்றார் இரண்டாம் நாள். "முன்ன இப்பிடி இல்ல."

கேணியிலிருந்து பதினோரு ஆண்டுகள் இறைத்த தண்ணீர் அது. நான் மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், "நல்லா அசையாம இருக்கே" என்றார். ஒன்பதாம் நாள் எழுந்து, நூலைச் சுருட்டிக்கொண்டே, "எங்கிட்ட ஏன் வரணும்னு அது கேட்டிருக்குன்னு தெரியல. எங்க வீட்ல எடமே கெடையாது" என்றார்.

நாற்பதும் என் நாக்கின் மேல் வரிசையாக நின்றன. விழுங்கிக்கொண்டேன். உரிய நேரத்தில் உரிய வாயிலிருந்து அவர் கேட்கட்டும் என்றிருந்தது.

ஆவணி இரண்டாம் வாரம் நாற்காலியைக் கீழப்புதுத் தெருவில் வைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் காலண்டரில் குறித்துக்கொண்டேன். முதல் நாளே பேசாது என்று தெரியும். புது வீட்டில் மரம் கொஞ்சம் கூச்சப்படும். நான்காம் நாள் பகல் பதினோரு மணிக்கு மரகதம் அலுவலகத்துக்கு வந்தாள். பக்கத்தில் பார்த்தபோது அவளுக்கும் தலை நரைத்திருந்தது. நகக்கண்களில் ஆளிவிதை எண்ணெயின் மஞ்சள்.

"அக்கா, நாற்காலி பேசுது" என்றாள்.

"ஈரம் இருக்க வரை பேசத்தான் செய்யும். என்ன சொல்லுது?"

"அதை நான் எப்பிடிச் சொல்ல?"

"கடுமையாப் பேசுதா?"

அவள் மேசையின் விளிம்பை விரலால் தேய்த்தாள். எந்த மரம் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னால கேக்க முடியல. வந்து எடுத்துட்டுப் போங்க."

"வச்ச சாமான எடுக்க விதியில்ல. வேணும்னா தணிக்கைக்கு வாறேன்."

"இன்னைக்கே வாங்க."

அவள் அழுததைப் பார்த்து எனக்கு நிறைவாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மதியம் வீட்டுக்குப் போய்க் கஞ்சி போட்ட பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டேன். தணிக்கைப் படிவம் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

வீடு சிறியது. ஒரு நீண்ட கூடத்தில்தான் எல்லாமே. தாவிக்கொண்டிருக்கும் தவளை உருவத்தில் ஒரு முக்காலி, அவர்களே ஏதோ ஒரு புளியமரத்திடமிருந்து பெற்றது. ஜன்னல் பக்கத்தில் நாற்காலி. அது நான்தான். இறங்கிய இடது தோள் சாய்மானத்தின் ஒரு பக்கமாகி இருந்தது. மடி இருக்கை. முழங்காலைக் கட்டியிருந்த கைகளைக் கொஞ்சம் விரித்துக் கைப்பிடிகளாக்கியிருந்தார். முகம் இல்லை; மரம் கேட்டது உட்கார்ந்த உருவத்தைத்தான். நல்ல வேலை. வாகையின் கருஞ்சிவப்பு வரிகள் முதுகில் சேலை மடிப்புபோல இறங்கின. பதினோரு ஆண்டுகளாக நான் இப்படித்தான் இருந்தேன் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

நெல்லையப்பன் அதன் எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததை அவர் கவனிக்கவில்லை. அப்போது நாற்காலி பேசியது. கட்டைக் குரல் போயிருந்தது. என் குரல் அது. இப்போதைய குரல் இல்லை; இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் எனக்கு இருந்தது.

"காப்பி ஆறுது. குடிச்சிட்டுப் பொறவு இழைங்க."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மரகதம் சுவரோரம் வைத்திருந்த தம்ளரை எடுத்துக் குடித்தார்.

"கையில சிராய் ஏறியிருக்கா? காட்டுங்க. ஊசி எடுத்துட்டு வாறேன்."

அவர் வலது கையை நீட்டினார். நாற்காலியின் கைப்பிடியில், என் விரல்கள் முடியும் இடத்தில், தன் உள்ளங்கையை மல்லாத்தி வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"பாத்தீகளா" என்றாள் மரகதம் என் காதருகில். "நாலு நாளா இப்பிடித்தான். சோறு போதுமாங்கு, தலைக்கு எண்ணெ வைக்கச் சொல்லுது. பதினோரு வருசமா நானும் காப்பி போடுதேன். ஆறுதுன்னு ஒரு நாளும் எனக்குச் சொல்லத் தோணல."

நான் நாற்காலியின் முன்னால் போய் நின்றேன்.

"நாப்பதும் எங்கே?" என்று கேட்டேன்.

"எந்த நாப்பது?"

"கொல்லையில சொன்னது. கடைசியில ஒரு கேள்வி."

நாற்காலி யோசித்தது. பிறகு குரலில் மரியாதை கூடியது.

"நீங்க யாருன்னு தெரியலியே. அவுக அம்மையா? வாங்க அத்தை, உக்காருங்க. நின்னுக்கிட்டே இருக்கீகளே."

எனக்குத் தவளை முக்காலியைத் தந்தார்கள். உட்கார்ந்தேன். நாற்காலி என்னைப் பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தது. இந்த மருமகள் இவ்வளவு பணிவாகப் பேசியதை என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து நாற்காலியின் கால்களைப் பார்த்தேன். அடிமுதல் மேல்வரை ஒரே கருஞ்சிவப்பு. ஓரத்தில்கூட ஒரு இழை வெள்ளை இல்லை.

"வெள்ளைக் கட்டையை என்ன செஞ்சீங்க?" என்று நெல்லையப்பனிடம் கேட்டேன்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"அறுக்கும்போதே செதுக்கித் தள்ளியாச்சு. பட்டைய ஒட்டுன வெள்ளைய யாராவது சாமானுக்கு வைப்பாகளா? பூச்சி அரிச்சிரும்லா. உள்ள இருக்க வைரம்தான் நிக்கும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாக வெளிப்பக்கம் வளர்கிறது. கடைசி ஆண்டுகள் எல்லாம் பட்டைக்கு அடியில், வெளுத்த பகுதியில் இருக்கும். பழைய ஆண்டுகள்தான் உள்ளே இறுகி வைரமாகும். இருபத்தொரு ஆண்டுகள் அந்த வெள்ளைச் செதுக்கல்களைப் பெருக்கி அள்ளியவள் நான். உருவம் சரியா, இடம் சரியா என்று பார்த்தேனே தவிர, என் வாக்கியங்கள் மரத்தில் எந்தப் பக்கம் இருக்கும் என்று பார்க்கவில்லை. வாகையும் பார்க்கவில்லை. அதற்குத் தச்சு வேலை தெரியாது. அது வாக்குக் கொடுத்தபோது முழுசாக நின்றுகொண்டிருந்தது.

"வெள்ளை எங்க போச்சு?"

"காளியப்பன் டீக்கடைக்கு, வெறகுக்கு."

படிவத்தை மடிமேல் வைத்து எழுதினேன். உருவம்: சரி. இடம்: சரி. பேச்சு: உண்டு. கடைசிக் கட்டத்தில், மனுதாரர் கூறிய பயன்பாட்டிலிருந்து மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். உண்டு என்று எழுதினால் நாற்காலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மரகதம் வாசல்வரை வந்தாள். "பேச்சு எப்ப நிக்கும்?"

"நல்ல வெயில்ல வச்சா ஆறு மாசம்."

"அவரு நிழல்லதான் வைக்காரு."

"அப்பம் ஒரு வருசம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து இருபத்து மூன்று வயதுக் குரல் அவளை யாரென்று விசாரிப்பது கேட்டது.

டீக்கடை சந்தை முக்கில் இருக்கிறது. காளியப்பன் அடுப்புக்கு முன்னால் வியர்வையோடு நின்றிருந்தார். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கும் இடம் காலியாக இருந்தது.

"வாகைச் சிறா எப்ப தீந்துது?" என்று கேட்டேன்.

"ஏழெட்டு மாசமாக் காயவச்சு, திங்கக்கிழமதான் எரிக்க ஆரம்பிச்சேன். இன்னைக்குக் காலையில கடைசிக் கட்டு. அப்பிடி ஒரு வெறகு பாக்கல பதிவாளரம்மா. புகையே கெடையாது. ஒரே சீரா எரிஞ்சுது. கடைசியில மட்டும் கொஞ்சம் நின்னு, ஒரு மூச்சு விட்ட மாரி விட்டு, குப்புன்னு எரிஞ்சுது."

"டீக்கு நல்லா ஆள் வந்துதா?"

"நாலு நாளும் கூட்டம். என்னமோ எல்லாரும் குடிச்சிட்டுப் பேசாம எந்திரிச்சுப் போனாக. ஒங்களுக்கு ஒண்ணு போடட்டா?"

வேண்டாம் என்றேன். அடுப்பில் இருந்தது அப்போது கருவேலம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அலுவலகத்துக்குப் போனபோது வரிசை சந்தையைத் தாண்டி நின்றது. எல்லாரும் காளியப்பன் கடையில் டீ குடித்த ஆண்கள். மினிபஸ் கண்டக்டர், பால் பண்ணைக் கணக்கர், தேங்காய் மண்டிக்காரர்கள், சங்கு நாற்காலித் தலைமை ஆசிரியர், எனக்குப் பெயர் தெரியாத பலர். சிலர் குளித்து, திருநீறு பூசி வந்திருந்தார்கள். பேச்சியம்மாள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம அண்ணாச்சி வரிசையில இல்லியேக்கா" என்றாள் மெதுவாக.

"அவரு வெளியில டீ குடிக்க மாட்டாரு" என்றேன்.

உள் அறையில் போய் உட்கார்ந்து புதிய பதிவேடு ஒன்றைப் பிரித்தேன். முதல் டோக்கன் கண்டக்டருடையது. நாற்பது வயதிருக்கும். அவருடைய பேருந்தில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"சொல்லாமப் போனது தப்புதான்" என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க, சரி போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பீக. அதைக் கேட்டுட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல."

எழுதிக்கொண்டேன். அடுத்தவர் தேங்காய் மண்டிக்காரர். சொல்லத்தான் அன்று காலை என் பின்னாலேயே மூன்று முறை வந்ததாகவும், நான் பலா மரத்தின் கோப்பைப் படித்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் போய்த் தம்ளரைக் கழுவியதாகவும் சொன்னார். தலைமை ஆசிரியர் தலையைச் சாய்த்தபடி, காரணம் தனக்கே இன்றுவரை தெரியவில்லை, தெரிந்தால் முதலில் எனக்குத்தான் சொல்வேன் என்றார். பால் பண்ணைக் கணக்கர் ஒன்றும் சொல்லாமல் அழுதார். அதையும் எழுதினேன். பன்னிரண்டு மணிக்குள் முப்பத்தொரு காரணங்கள் சேர்ந்தன. ஒன்றுகூடப் பொருந்தாமல் இல்லை. எது நெல்லையப்பனுடையது என்று கண்டுபிடிக்க வழியும் இல்லை.

கண்டக்டர் மட்டும் போகாமல் கதவோரம் நின்றிருந்தார்.

"இன்னும் என்ன?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குத் திரும்பி வரலாம்னு பாக்கேன்."

"யார் வீட்டுக்கு?"

"ஒங்க வீட்டுக்குத்தான்."

அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் தாங்களும் அதற்காகத்தான் நிற்பதாகச் சொன்னார்கள். கொல்லையில் வாகை நின்ற குழி ஒன்றுதான் காலியாக இருக்கிறது, ஒருவர்தான் நிற்க முடியும் என்று விளக்கினேன். அது தெரியும் என்றார்கள். முன்னுரிமை டோக்கன் எண்படி என்று பதிவேட்டின் மேலே எழுதி, கண்டக்டரிடம் கேட்டேன்.

"எந்த உருவத்தில்?"

அவர் அதை யோசித்து வரவில்லை. ஜன்னல் வழியாகச் சந்தையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னேன்.